புதுப்பிப்பு: மனச்சிதைவு மருந்தும் ஏறும் எடையும்

மனச்சிதைவுக்கு ஓலான்சபின், குளோசபின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏன் எடை ஏறுகிறது என்று போன இழையில் எழுதியிருந்தேன். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின் எச்1, செரோடோனின் 2சி ஏற்பிகளை மருந்து அடைப்பதால் பசி அடங்குவதில்லை, மனவுறுதிக் குறைவென்று யாரையும் திட்டாதீர்கள் என்பதே அதன் சாரம். "சரி, வீட்டில் என்னதான் செய்வது?" என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

முதலில் குடிப்பதைப் பாருங்கள். ஓலான்சபின் வாயை உலர்த்தும். கை குளிர்பானத்துக்குப் போகும். 330 மி.லி. கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கு மூன்று என்றால் 400 கலோரிக்கு மேல். தண்ணீரும் சர்க்கரையில்லாத சூயிங்கமும் போதும். குளிர்பானத்தைக் கவனிக்காமல் தட்டில் அளவைக் குறைப்பது வீண் வேலை.

ராத்திரிப் பசிக்குத் தின்பண்டத்தைப் பூட்டி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். வாங்காமல் இருப்பதே சுலபம்.

எடையை மருந்து தொடங்கும்போதும் 4, 8, 12ஆம் வாரங்களிலும் குறியுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை தொடக்கத்திலும் 12ஆம் வாரத்திலும். 5 சதவீதம் ஏறினாலே (60 கிலோ ஆளுக்கு 3 கிலோ) மருத்துவரிடம் பேசுங்கள். 20 கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை) தரலாமா என்று கேளுங்கள். சிறுநீரகப் பரிசோதனைக்குப் பிறகு, வழக்கமாக 500 மி.கி.யில், சாப்பாட்டோடு தொடங்குவார்கள். அளவை அவசரமாகக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரும்; பலர் கைவிடுவது அங்கேதான்.

எடைக்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே மறுபடி போடக் கூடாது. மருத்துவர் சொல்லும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.