போர்செட் கொட்டகையில் பெட்டி வைத்தால் தரவு பத்திரமா?

பாமணிக்கரையான்:
மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் குழுவில் போர்செட் ஸ்டார்ட்டர், வயல் ஈரம் பார்க்கும் சென்சார், வாய்க்கால் நீர்மட்டக் கருவி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், அதாவது ஒரு சின்னக் கம்ப்யூட்டரில், இணைக்கப் போகிறார்கள். பெட்டி ஊரிலேயே இருக்கும், ஒரு கொட்டகையில். கணக்கு அங்கேயே முடிந்து, தினசரிச் சுருக்கம் மட்டும் இணையம் வழியாகக் கம்பெனி சர்வருக்கு, அதாவது கிளவுடுக்குப் போகும். ஃபாக் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். "தரவு ஊரை விட்டுப் போகாது, அதனால் பத்திரம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

குடந்தை நிரலன்:
தாராளமாக, அண்ணே. 2012-ல் சிஸ்கோ ஆட்கள் இந்த யோசனையை முன்வைத்ததே, முடிவெடுக்கும் வேலை கருவிக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும் என்றுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மோட்டாரை நிறுத்தக் கிளவுடு எதற்கு? 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டவரெல்லாம் படுத்ததே, மறந்துவிட்டதா?

ஒரத்தநாட்டுக்காரி:
கரண்டும்தானே படுத்தது தம்பி! வாரக்கணக்கில் மோட்டாரே ஓடவில்லை. உங்கள் பெட்டி யாருக்கு உத்தரவு போட்டிருக்கும்?

சரி, அதை விடுங்கள். எங்கள் பக்கம் வைத்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பா, நாலு ஸ்க்ரூ, உள்ளே ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. மெமரி கார்டை உருவி லேப்டாப்பில் போட்டால் வைஃபை பாஸ்வேர்டு, மோட்டாருக்கு உத்தரவு போகிற எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை) பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கிறது. எல்லா மோட்டாருக்கும் ஒரே பாஸ்வேர்டு! ஒருவர் மோட்டாரைப் பழுது பார்க்கும்போது வேறு யாரோ ஆன் பண்ணினால்? ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். சர்வர் அறைக்குள் திருடன் லேசில் நுழைய முடியாது. கொட்டகையில் காப்பர் ஒயரையே விட்டுவைப்பதில்லை.

குடந்தை நிரலன்:
அது செய்தவரின் சோம்பேறித்தனம் அக்கா, முறையின் குற்றமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி, கார்டு முழுக்க என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது), எம்க்யூடிடி பூட்டில்லாமல் பேசும் 1883 போர்ட்டை மூடிவிட்டு, பேச்சைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் உள்ள 8883-ல் மட்டும் பேச்சு. இதெல்லாம் புதுசா என்ன? பெட்டியே இல்லாமல் நேராக இணையத்தில் நின்ற கருவிகள் என்ன ஆயின? 2016-ல் மிராய் என்கிற தீங்கு நிரல் வந்தபோது, கம்பெனி போட்டுக்கொடுத்த அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தார்கள். பிடித்த கருவிகளை வைத்தே அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தை அடித்ததில் ட்விட்டரே பலருக்குத் திறக்கவில்லை.

ஒரத்தநாட்டுக்காரி:
நான் சொல்வதும் அதே மிராய்தான். மாட்டியதெல்லாம் கேட்பாரற்று மூலையில் கிடந்த கருவிகள். உங்கள் பெட்டிக்கு அப்டேட் போடப்போவது யார்? விற்றவர் அடுத்த சம்பாவுக்குப் போனை எடுப்பாரா?

குத்தகைக்காரன்:
இரண்டு பேரும் திருடனையே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அவனிடம் இல்லை. என் மோட்டார் ராத்திரி எத்தனை மணிக்கு ஓடியது என்று பெங்களூர்க் கம்பெனி பார்த்து என்ன செய்துவிடும்? பக்கத்து வயல்காரர் பார்த்தால்தான் வம்பு. அடுத்தவனுக்குத் தண்ணீர் விற்கிறேன் என்று நிலத்துக்காரர் காதுக்குப் போகும், குத்தகை நெல் ஏறும். மணிக்கணக்கு கையில் கிடைத்தால் இலவச மின்சாரத்துக்கு மீட்டர் வரும் என்கிற பேச்சு வேறு. தனியாக வயலுக்குப் போகிற பெண்களின் நேரமும் அதில் தெரிந்துவிடும். பெட்டியின் பாஸ்வேர்டு எங்கள் ஊரில் செயலாளர் மகனிடம் இருக்குமாம்! ஊருக்குள்ளேயே இருப்பதுதான் ஐயா தொந்தரவு.

குடந்தை நிரலன்:
இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சென்சார் செய்தியை ரேடியோவில் வெகுதூரம் அனுப்பும் லோராவான் முறையில், நடுவில் இருக்கும் கேட்வே பெட்டி செய்தியைக் கடத்துமே தவிர, படிக்காது. உள்ளடக்கத்தைத் திறக்கும் சாவி அதனிடம் கிடையாது. ஃபாக் பெட்டி அப்படியில்லை, படித்தால்தான் முடிவெடுக்க முடியும். அதனால் படித்ததை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதில்தான் பிடி போட வேண்டும். மோட்டாரை நிறுத்தியதும் மணிக்கணக்கை அழித்துவிட்டு வார மொத்தம் மட்டும் வைக்கலாம். அவரவர் மோட்டார் அவரவர் போனில் மட்டும் தெரியட்டும். யார் எப்போது பார்த்தார் என்கிற பதிவைச் செயலாளரே நினைத்தாலும் அழிக்க முடியக்கூடாது.

ஒரத்தநாட்டுக்காரி:
அழித்தார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைத் திரட்டுகிற குழுவுக்கே பொறுப்பு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். குழுவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாமணிக்கரையான்:
கொட்டேஷன் கொடுத்தவரிடம் இன்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதானாம், "அப்புறம் மாற்றிக்கலாம் சார்" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டேன். தனிச் சாவி போட்டுக் கொண்டுவரட்டும், அப்புறம் பேசலாம்.

குத்தகைக்காரன்:
தனிச் சாவியே போட்டாலும், அதைச் செயலாளர் மகனிடம் கொடுக்கப்போவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள் அண்ணே.