அரசு மருத்துவமனை ஸ்டென்ட் விவரங்கள்: ஆர்டிஐ மனுவை எப்படி எழுதுவது?

வைகைக்கரை:

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் எத்தனை பேருக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் வலைக்குழாய்) வைக்கிறார்கள், எந்த வகை, என்ன விலை என்று அறிய எங்கள் நுகர்வோர் சங்கத்தின் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டோம். கேட்டவை நான்கு: 2020 முதல் ஆஞ்சியோபிளாஸ்டி என்ற, அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பட்டியல் (வயது, ஊர், நோய், வைத்த ஸ்டென்ட்), ஸ்டென்ட்டுக்கு ஆன செலவு, இறந்தவர்கள் எண்ணிக்கை, தேவையில்லாமல் யாருக்காவது ஸ்டென்ட் வைக்கப்பட்டதா என்ற விவரம். பட்டியலை, தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவின்படி மறுத்துவிட்டார்கள். மற்றவை "தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரி. மேல்முறையீடு செய்வதா, புது மனு போடுவதா? நோயாளிகளின் அடையாளம் எங்களுக்குத் தேவையில்லை. எண்ணிக்கையும் விலையும்தான் வேண்டும்.

மனுக்காரர்:

புது மனுவே போடுங்கள். மேல்முறையீட்டில் கேள்வியை மாற்ற முடியாது. முதலில் கேட்டதற்குத் தந்த பதில் சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உங்கள் கேள்விகள் மறுக்க வசதியாக இருக்கின்றன.

முதலில் மனுதாரர். சட்டத்தின் 3-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. சங்கத்தின் லெட்டர்பேடில் போனால் அதை வைத்தே திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. சங்கத்தில் ஒருவர் தன் பெயரில், தன் முகவரியில் போடட்டும். காரணம் எழுத வேண்டியதில்லை, 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது.

அடுத்து "தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை". 2011-ல் சிபிஎஸ்இ – ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையில் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், இல்லாத புள்ளிவிவரத்தைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டிய கடமை இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் "எத்தனை பேர்?" என்று கேட்காமல், அந்த எண் எழுதப்பட்டிருக்கும் தாளைக் கேளுங்கள். "தேவையில்லாமல் வைக்கப்பட்டதா" என்பதை எடுத்தே விடுங்கள். அது புதிதாகக் கருத்துக் கேட்பது; கருத்தானாலும் பதிவில் இருந்தால்தான் 2(எஃப்) சொல்லும் தகவல். அதற்குப் பதிலாக, ஸ்டென்ட் சிகிச்சை குறித்துத் தணிக்கையோ ஆய்வோ நடந்திருந்தால் அதன் அறிக்கை நகல் என்று கேட்கலாம்.

8(1)(ஜே) இப்போது முன்பைவிடக் கடினம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 44(3) பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பிரிவில் பொதுப் பணியோடு தொடர்பு உண்டா, அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடா என்றெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போய்விட்டது. இது பெரிய இழப்பு. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு இத்தனை சிகிச்சை, இத்தனை ஸ்டென்ட் என்ற எண் யாருடைய தனிநபர் தகவலும் அல்ல. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

இப்படி எழுதலாம்:

"தங்கள் மருத்துவமனையின் இதயவியல் துறை, 01.04.2022 முதல் 31.03.2025 வரை மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பிய மாதாந்திர அறிக்கைகளில் ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி எண்ணிக்கை இடம்பெற்றுள்ள பக்கங்களின் நகல். நோயாளிகளை அடையாளம் காட்டும் விவரம் ஏதும் இருந்தால் பிரிவு 10-இன்படி அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வழங்கவும்."

10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம், பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கில் சேராது. 30 நாள் கெடுவைத் தாண்டித் தந்தால் 7(6) படி நகல் இலவசம்.

கேத்லேப்வாசி:

மேலே சொன்னதோடு சேர்த்து: எந்தத் தாளில் என்ன இருக்கும் என்று தெரிந்து கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) பதிவேட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு வரி. தேதி, பெயர், வயது, ஐபி (உள்நோயாளி) எண், என்ன சிகிச்சை, எந்த ரத்தக்குழாய், என்ன சைஸ் ஸ்டென்ட், செய்த டாக்டர். ஸ்டென்ட் பெட்டியில் உரித்து ஒட்டக்கூடிய ஸ்டிக்கர் வரும். கம்பெனி, பிராண்ட், லாட் எண், காலாவதி தேதி, 2.75 × 28 மி.மீ. என்பதுபோல் விட்டமும் நீளமும் அதில் இருக்கும். அது கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) ஒட்டப்படும், காப்பீட்டு கிளெய்முக்கும் போகும். கேஸ் ஷீட்டைக் கேட்காதீர்கள், முழுக்க நோயாளி விவரம். கேத் லேப் பதிவேட்டைக் கேட்டாலும் பெயர், ஐபி எண் பத்திகளின் மேல் வெள்ளைத்தாள் பட்டை வைத்து மறைத்துப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் போட வேண்டும். மூன்று வருடப் பதிவேடு என்றால் 7(9) காட்டி, ஊழியர் நேரம் அளவுக்கு மீறி வீணாகும் என்பார்கள். நடைமுறையில் அதில் நியாயமும் இருக்கிறது. ஸ்டோரின் ஸ்டென்ட் இருப்புப் பதிவேடுதான் சுலபம்: வந்தது, கொடுத்தது, மீதி.

எண்களைப் படிக்கும்போது கவனம். நோயாளிகள், சிகிச்சைகள், ஸ்டென்ட்கள் மூன்றும் வேறு வேறு எண்ணிக்கை. ஒருவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைக்கலாம். ஒருவரே மறு மாதம் இன்னொரு குழாய்க்கு வரலாம். பலூன் மட்டும் போட்டு ஸ்டென்ட் வைக்காமல் முடிக்கும் கேஸும் பிடிசிஏ (ஆஞ்சியோபிளாஸ்டி) கணக்கில்தான் வரும். ஸ்டோரில் கொடுத்த ஸ்டென்ட் எண்ணிக்கை, வைத்ததைவிடக் கூடுதலாக இருந்தால் உடனே முறைகேடு என்று எழுதிவிடாதீர்கள். கால்சியம் படிந்த அடைப்பில் ஸ்டென்ட் உள்ளே போகாமல் திரும்ப எடுக்க வேண்டிவரும்; உறை பிரித்ததை அடுத்தவருக்கு வைக்க முடியாது. அந்த வித்தியாசம் மாதாமாதம் பெரிதாக இருந்தால்தான் கேள்வி.

காலமும் இடிக்கும். துறை அறிக்கை ஜனவரி–டிசம்பர் கணக்கிலும், ஸ்டோர் கணக்கு ஏப்ரல்–மார்ச் கணக்கிலும் வந்தால் ஆண்டுத் தொகையை ஒப்பிடவே முடியாது. மாதவாரியாகக் கேட்டால் நீங்களே எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இறப்பு எண்ணிக்கை கேட்பதாக இருந்தால் பிரைமரி ஆஞ்சியோபிளாஸ்டியை (மாரடைப்பு வந்தவுடன் அவசரமாகச் செய்வது) தனியாக, முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்ததைத் தனியாகக் கேளுங்கள். மாரடைப்போடு, ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் வருபவருக்குச் செய்வதும், நடந்து வந்து அட்மிட் ஆகிறவருக்குச் செய்வதும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை அல்ல. இரண்டையும் சேர்த்துச் சதவீதம் போட்டால் இரவு இரண்டு மணிக்கும் கேத் லேப் திறந்து வைக்கிற மருத்துவமனைதான் மோசமாகத் தெரியும். அது அநியாயம்.

வைகைக்கரை:

மிக்க நன்றி சார். விலை விவரம் எங்கே கிடைக்கும்? மருத்துவமனையிலா, சென்னையிலா? இயக்ககத்துக்கே ஒரே மனுவாகப் போட்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் சேர்த்துக் கேட்டுவிடலாமா?

மனுக்காரர்:

ஒரே மனு ஆசை வேண்டாம். மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இயக்ககம் 6(3) படி ஒவ்வொன்றுக்கும் திருப்பிவிட்டால் ஆளுக்கொரு வடிவத்தில் பதில் வரும். இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு நேராக, ஒரே வாசகத்தில் போடுங்கள். இயக்ககத்தில், அங்கே வந்து சேர்ந்த தொகுப்பு அறிக்கை இருந்தால் அதன் நகல் மட்டும்.

விலைக்கு மூன்று கதவு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் ஸ்டென்ட் விலை ஒப்பந்தம், கொள்முதல் ஆணை நகல். மருத்துவமனையிடம், காப்பீட்டுத் தொகையிலிருந்து உள்ளூரில் வாங்கியிருந்தால் அதன் ஆணையும் பில்லும். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்திடம், ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ் தொகை, மருத்துவமனைவாரியாக ஒப்புதல் தந்த கிளெய்ம் எண்ணிக்கை, வழங்கிய தொகை. இந்த மூன்றாவது கணினியில் இருப்பது, அதனால் "தொகுக்கவில்லை" என்று சொல்வது அவர்களுக்குச் சிரமம். சிடியில் கேளுங்கள்.

விலையை 8(1)(டி), வணிக ரகசியம் என்று மறுக்கப் பார்ப்பார்கள். டெண்டர் முடிந்து அரசுப் பணத்தில் வாங்கிய விலையில் ரகசியம் ஏது? தவிர, உச்ச விலையே அரசிதழில் வெளிவருவது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முதன்முதலாக அதை நிர்ணயித்தபோது சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், இரண்டும் உள்ளூர் வரி நீங்கலாக. பிறகு பலமுறை மாறியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு பில்லையும் அந்தத் தேதியில் இருந்த உச்ச விலையோடு ஒப்பிடுங்கள், இன்றைய விலையோடு அல்ல. அந்த 2017 விலை நிர்ணய உத்தரவு, மருத்துவமனை பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டி பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் போட வேண்டும் என்றும் சொல்கிறது.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்தில் அபராதம் விதிக்க 20-ஆம் பிரிவு இடம் தருகிறது.

நெல்லைச்சீமை:

ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. தாலுகா, வயது, பாலினம், மாதம் என்று நான்கையும் சேர்த்து அட்டவணை கேட்டால் பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். சின்ன ஊரில் அந்த மாதம் ஸ்டென்ட் வைத்த 34 வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். வயதைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கேளுங்கள், ஊருக்குப் பதில் மாவட்டம். நீங்கள் வெளியிடும்போதும் ஐந்துக்குக் குறைவான எண்ணை "5-க்கும் கீழ்" என்று மட்டும் போடுங்கள்.

ஆய்வுக்காக ஒவ்வொரு கேஸின் விவரமும் வேண்டுமென்றால் ஆர்டிஐ சரியான வழி அல்ல. மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு ஆய்வுத் திட்டம் கொடுத்து, டீன் அனுமதியோடு அடையாளம் நீக்கிய தரவாக வாங்க வேண்டும். துறையில் ஒரு பேராசிரியர் கூட்டு ஆய்வாளராக இருந்தால் சீக்கிரம் நகரும்.

உங்கள் சங்கத்துக்கு வரும் நோயாளிகள் தங்கள் சொந்த ஆவணத்தைக் கேட்டால் இந்தத் தடை எதுவும் இல்லை. 2002 மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஐபி எண், டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு நிலைய மருத்துவ அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, கேஸ் ஷீட், ஸ்டென்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், ஆஞ்சியோ சிடி மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அதே விதி உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதால், மூன்று வருடம் நெருங்குகிறவர்கள் இப்போதே கேட்பது நல்லது.