புதுப்பிப்பு: சூடானதும் ஸ்டார்ட் ஆகாத 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் – வால்வு கிளியரன்ஸ்தான்

சூடானதும் என் பைக் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, என்ன காரணம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் ஸ்பார்க் பிளக், பைலட் ஜெட் (கார்புரேட்டரில் ஐட்லிங்குக்கு எரிபொருள் விடும் சிறு துளை) என்றே தேடியதில் பலனில்லை. "இன்டேக் வால்வைப் (காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வால்வு) பாருங்கள்" என்ற யோசனைதான் சரி.

எஞ்சின் ஆறிய பின், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் உச்சியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் இடது இன்டேக் வால்வின் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 0.04 மிமீ. கையேடு கேட்பது 0.10–0.15. வால்வு தேய்ந்து, அது உட்கார்ந்து மூடும் வளையத்துக்குள் (வால்வு சீட்) இறங்க இறங்க இடைவெளி குறையும். சூட்டில் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மில், 1.85 மிமீ கனமானதை எடுத்து 1.75 போட்டதும் இடைவெளி 0.14. இப்போது சூட்டிலும் முதல் உதையிலேயே பிடிக்கிறது.

எதிர்பாராதது: ஏர் ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் இல்லை, அதனால் எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய்க்குள் (இன்டேக் பூட்) மண். தேய்மானம் அங்கிருந்துதான். டைட்டானியம் வால்வின் மேற்பூச்சு போய்விட்டால் ஷிம் தற்காலிகம்தான். சீக்கிரமே இடைவெளி மறுபடி குறைந்தால் வால்வையே மாற்ற வேண்டும், வால்வு சீட்டையும் சரிபார்க்க வேண்டும்.