பிட் ஸ்டாப் வீடியோவைக் காட்டி "இதுபோல வேலை செய்யுங்க" என்கிறார் மேனேஜர். அதிலிருந்து உண்மையில் எதை எடுத்துக்கலாம்?

ஷிஃப்ட்_பி:

வணக்கம். பேக்கிங் தொழிற்சாலை ஒண்ணுல ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருக்கேன். என் லைன்ல ஒன்பது பேர். 200 மில்லி பாட்டில்ல இருந்து 500 மில்லிக்கு மாறணும்னா ஃபில்லர் நாசில், மூடி இறுக்கற கேப்பிங் ஹெட், கன்வேயர் கைடு, லேபிள் ரோல் எல்லாத்தையும் மாத்தணும். சேஞ்ச்ஓவர்னு சொல்வோம். ஒன்றரை மணி நேரம் ஆகும், சில நாள் அதுக்கும் மேல.

புதுசா வந்த பிளான்ட் ஹெட் மீட்டிங்ல ஃபார்முலா 1 பிட் ஸ்டாப் வீடியோ போட்டார். ரேஸ் நடுவுல டயர் மாத்த கார் வந்து நிக்குமே, அதுல ரெண்டு செகண்டுல நாலு டயரும் மாறுது. "அவங்களால முடியுதே, உங்களால ஏன் முடியாது?"ன்னார். சீக்கிரமே லைன் பக்கத்துல ஒரு பெரிய டிஜிட்டல் கடிகாரம் வந்து உட்கார்ந்துடுச்சு. சேஞ்ச்ஓவர் ஆரம்பிச்சா அது ஓடும், பசங்களும் ஓடுவாங்க. நேரம் கொஞ்சம் குறைஞ்சதென்னவோ உண்மை. ஆனா லைன் ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறம் மூடி லூசு, லேபிள் கோணல்னு நிறுத்தி நிறுத்தி ஓட்டறோம். அந்த நேரம் கடிகாரத்துல வராது.

ரேஸைக் கிண்டல் பண்ண வரலை. ஒரு ரேஸ் விடாம பார்க்கற ஆளுதான் நானும். ரேஸ் டீம்கள்கிட்ட இருந்து எங்களை மாதிரி இடத்துக்கு நிஜமா எடுத்துக்கக்கூடியது என்ன? உள்ளே வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஊக்க வாசகம் மட்டும் வேண்டாம், எங்க சுவர்ல அது ஏற்கெனவே நிறைய தொங்குது.

டயர்க்காரன்:

நான் ஃபார்முலா 1-ல இருந்தவன் இல்லை, முதல்லயே சொல்லிடறேன். டூரிங் கார் பந்தயத்துல ஒரு சின்ன டீமுக்கு டயர் வேலை பார்த்தேன். டயரை உருட்டிக்கிட்டு வர்றது, காத்து பார்க்கறது, ஸ்டாப்ல கழட்டின வீலை வாங்கி ஓரமா வைக்கறது, இதான் என் வேலை. அந்த உயரத்துல இருந்து பார்த்ததைச் சொல்றேன்.

வீடியோல தெரியற ரெண்டு செகண்டை உங்க பிளான்ட் ஹெட் "வேகம்"னு புரிஞ்சுக்கிட்டார். அங்க காரைச் சுத்தி சுமார் 20 பேர் நிக்கறாங்க. ஒவ்வொரு வீலுக்கும் மூணு பேர்: ஒருத்தர் கையில நட்டு கழட்டி மாட்டற வீல் கன், ஒருத்தர் பழசை இழுப்பார், ஒருத்தர் புதுசை மாட்டுவார். முன்னாடி ஒரு ஜாக், பின்னாடி ஒரு ஜாக், அது மக்கர் பண்ணினா மாத்து ஜாக்கோட ஆள். தனித்தனியா பார்த்தா யாரும் பெருசா ஒண்ணும் செய்யறதில்லை. கழட்டறவர் கழட்டறதோட சரி. நட்டு ஒரு வீலுக்கு ஒண்ணுதான், அதுவும் கழண்டு உருண்டு ஓடாது, வீலோடயே தங்கும். டயர் முன்கூட்டியே சூடேறி தயாரா இருக்கும். கார் வந்து நிக்க வேண்டிய இடம் தரையில கோடு போட்டிருக்கும். டிரைவர் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிறுத்தினாலே மொத்த ஸ்டாப்பும் இழுத்துக்கும்.

2023 கத்தார் ரேஸ்ல மெக்லாரன் 1.80 செகண்டுல நோரிஸ் காருக்கு டயர் மாத்தினது இப்படித்தான். கார் வர்றதுக்கு முன்னாடியே முடிக்கக்கூடிய வேலை எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. கார் நின்னதுக்கு அப்புறம் செஞ்சே ஆகணும்னு மிச்சம் இருந்தது மட்டும்தான் அந்த 1.80.

உங்க லைனுக்கு வாங்க. 500 மில்லி நாசில் செட் எங்க இருக்கு? லைன் நின்னதுக்கு அப்புறம் யாராவது ஸ்டோருக்கு நடக்கறாங்களா? கைடை எவ்வளவு தள்ளணும்னு குறி இருக்கா, இல்லை ஒரு பாட்டிலை விட்டுப் பார்த்து தட்டித் தட்டி சரி பண்றீங்களா? தொழிற்சாலை உலகத்துல இதை ஷிகியோ ஷிங்கோ எப்பவோ செஞ்சு காட்டிட்டார். 1969 வாக்குல டொயோட்டால 1,000 டன் பிரஸ் ஒண்ணுக்கு டை (அச்சு) மாத்த நாலு மணி நேரம் ஆயிட்டிருந்தது. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலை எது, நிறுத்தினாத்தான் செய்ய முடியற வேலை எதுன்னு பிரிச்சாங்க. முதல்ல 90 நிமிஷம், அப்புறம் மூணு நிமிஷம். அதுக்கு யாரையும் ஓடச் சொல்லலை.

அடுத்தது, எனக்கு இதுதான் பெரிசு: "போ"ன்னு சொல்றது யாரு? நவீன ஸ்டாப்ல ஒவ்வொரு கன் ஆளும் தன் வீல் முடிஞ்சதுன்னு சிக்னல் கொடுக்கணும். நாலும் வந்தாத்தான் டிரைவருக்குப் பச்சை. டிராக் ஓரத்துல பிட் வால்ல உட்கார்ந்திருக்கற டீம் தலைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், பின் வீல்ல மண்டி போட்டிருக்கற பையன் சரின்னு சொல்லாம கார் நகரக் கூடாது. 2018 பஹ்ரைன்ல ஃபெராரிக்கு இது உடைஞ்சது. ரைக்கோனன் கார்ல இடது பின் வீல் கழலவே இல்லை. மாத்தியாச்சுன்னு சிஸ்டம் எடுத்துக்கிட்டு பச்சை காட்டிடுச்சு. கார் கிளம்பினதுல ஒரு மெக்கானிக்குக் கால் உடைஞ்சது. டீமுக்கு 50,000 யூரோ அபராதம்.

உங்க ஒன்பது பேர்ல "இன்னும் ரெடி இல்லை, ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு இருக்கு? கேப்பிங் ஹெட் மாத்தற பையன் அதைச் சொன்னா லைன் நிக்குமா? கடிகாரம் ஓடிட்டிருக்கும்போது அவன் வாயைத் திறப்பானா? மூடி லூசா வர்றது எனக்கு ஆச்சரியமாவே இல்லை.

இரவுப்பணி_ஐசியூ:

டயர்க்காரன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் செவிலியர், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். எங்கள் துறையில் ரேஸ் டீமிடமிருந்து கற்றது கதையாக இல்லாமல் ஆய்வாகவே பதிவாகியிருக்கிறது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை முடிந்த குழந்தையை ஐசியூவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் பிரச்சினை. வென்டிலேட்டர், மருந்து பம்ப், மானிட்டர் வயர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். அதே நேரத்தில் நாலு பேர் நாலு தகவல் சொல்வார்கள். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அங்கிருந்த மருத்துவர்கள் ஃபெராரி டீமோடு உட்கார்ந்து இதை ஆராய்ந்தார்கள். 2007-ல் முடிவுகள் வெளியாகின.

மாற்றியது மிகச் சாதாரணமான விஷயங்கள். ஒப்படைப்பு முடியும்வரை யார் பொறுப்பு என்பதை ஒருவரிடம் கொடுத்தார்கள், அது மயக்க மருந்து நிபுணர். முதலில் கருவிகள், அதற்குப் பிறகுதான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. தவறுகள் குறைந்தன, சொல்லாமல் விட்டுப்போகும் தகவல்களும் குறைந்தன. வேகமாகச் செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நேரம் கூடவில்லை.

எங்கள் பிரிவிலும் இதே வரிசையைத்தான் கடைப்பிடிக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் கஷ்டமாக இருப்பது அமைதியாக நிற்பது. கை சும்மா இருந்தால் எதையாவது தொடத் தோன்றும். "உன் வேலை முடிந்ததா? ஒரு அடி பின்னால் நில்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் லைனிலும் இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைக்கிறார்களா என்று பாருங்கள்.

கணக்கன்:

எல்லாரும் ரேஸைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்போது குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்குப் பார்ப்பவன், என் வேலையே அது.

முதல் விஷயம், நாலு டயருக்கு 20 பேர். ஷிஃப்ட்_பி, உங்களுக்கு ஒன்பது பேர், அதில் எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த 20 பேர் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. உங்கள் பிளான்ட் ஹெட் ஒத்திகைக்கு லைனை நிறுத்திக் கொடுப்பாரா?

இரண்டாவது, பிட் ஸ்டாப் வேகம் வெற்றியைத் தருவதில்லை. 2016-ல் அந்தப் பருவம் முழுக்க மிக வேகமான ஸ்டாப்களுக்குப் பேர் வாங்கிய டீம் வில்லியம்ஸ். பாகு ரேஸில் 1.92 செகண்ட். அந்த வருடம் டீம்களுக்கான பட்டியலில் அவர்கள் இடம் ஐந்து. கார் மெதுவாக இருந்தால் டயரை எவ்வளவு வேகமாக மாற்றினாலும் அவ்வளவுதான். உங்கள் தொழிற்சாலையில் சேஞ்ச்ஓவர்தான் உண்மையான இழப்பா? பாட்டில் வராமல், திட்டம் கடைசி நேரத்தில் மாறி, லைன் சும்மா நிற்கும் நேரத்தை யாராவது கூட்டிப் பார்த்தார்களா? 2010 அபுதாபி கடைசி ரேஸில் ஃபெராரி, பட்டப் போட்டியில் இருந்த ரெட் புல் டிரைவர் வெப்பரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பதில் சொல்ல தன் டிரைவர் அலோன்சோவை டயர் மாற்ற உள்ளே அழைத்தது, அவர் திரும்பிப் போய் வேறொரு டீமின் பெட்ரோவ் பின்னால் மாட்டிக்கொண்டார், பட்டத்தை வெப்பரின் டீம் தோழர் வெட்டல் கொண்டு போனார். தவறான காரைக் கவனமாகப் பின்தொடர்வது எல்லா நிறுவனத்திலும் நடக்கிறது.

மூன்றாவது, "கலாசாரம்" என்ற பேச்சு. மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை டீம் பட்டம் வென்றபோது, ஆளைக் குறை சொல்லாமல் பிரச்சினையைப் பார்க்கும் பழக்கம்தான் காரணம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். 2022-ல் விதி மாறியது, நேர்ப்பாதையில் கார் குதித்தது, அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு வெற்றிதான். தலைவர் அதே டோட்டோ வோல்ஃப்தான். பழக்கம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவன் செய்ததெல்லாம் ஜெயிப்பதற்குக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். தோற்ற டீம்களிலும் அதே பழக்கங்கள் இருந்திருக்கலாம், அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

ஷிஃப்ட்_பி:

எல்லாருக்கும் நன்றி. கணக்கன் சார், லைன் சும்மா நிக்கற நேரத்தை நான் எழுதி வெக்கலை, இனிமே எழுதறேன்.

டயர்க்காரன் அண்ணே, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு பசங்ககிட்ட கேட்டேன். நாசில் செட் எடுக்க ஸ்டோருக்குப் போறது, அங்க கையெழுத்து போடறது, அதுக்கே ரொம்ப நேரம் போகுதாம். அதை முன்கூட்டியே டிராலில எடுத்து வெச்சுடலாம், எளிது.

கஷ்டமானது இது. கேப்பிங் ஹெட் டார்க், அதாவது மூடியை இறுக்கற அளவு, தப்பா வெச்சு ஒரு பேட்ச் திரும்பி வந்தது. பிளான்ட் ஹெட் அந்த ஆபரேட்டர் பேரை போர்டுல எழுதிட்டார். அப்போதிலிருந்து பையன் யார்கிட்டயும் பேசறதில்லை. மத்தவங்களும் சின்னத் தப்பை எல்லாம் மறைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரேஸ் டீம்ல தப்பு நடந்தா என்ன பண்ணுவாங்க?

டயர்க்காரன்:

திட்டறவங்க அங்கயும் உண்டு, நானே வாங்கியிருக்கேன். எல்லாரும் புத்தர்னு நினைச்சுடாதீங்க.

நல்லா நடக்கற டீம்ல ரெண்டு விஷயம் பார்த்திருக்கேன். பெரியவங்க தன் தப்பை முதல்ல சொல்வாங்க. 2018 ஆஸ்திரியால வர்ச்சுவல் சேஃப்டி கார், அதாவது எல்லா காரும் மெதுவா போகணும்ங்கற அறிவிப்பு வந்தப்போ, மெர்சிடிஸ் தன் டிரைவர் ஹாமில்டனை டயர் மாத்த உள்ளே கூப்பிடாம விட்டுட்டாங்க. ஸ்ட்ராட்டஜி தலைவர் ஜேம்ஸ் வௌல்ஸ் ரேஸ் நடந்துக்கிட்டிருக்கும்போதே ரேடியோல வந்து, தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டார். உலகமே கேட்குது. தலைவரே அப்படிச் சொல்ற இடத்துல வீல் கன் பையன் எதை மறைப்பான்?

ரெண்டாவது, என்ன நடந்ததுன்னு கடைசி வரைக்கும் தோண்டுவாங்க. 2020 சாகீர் ரேஸ்ல மெர்சிடிஸ் ரெண்டு காரையும் அடுத்தடுத்து உள்ளே கூப்பிட்டு, போட்டாஸோட டயரை ரசல் கார்ல மாட்டிட்டாங்க. வெளியே இருந்து பார்த்தா "டயர் ஆளுங்க தூங்கிட்டாங்க"ன்னு தோணும். தோண்டிப் பார்த்தா, கார் வருதுன்னு சொன்ன ரேடியோ செய்தி இன்னொரு பேச்சு குறுக்கே வந்ததால கிரூல ஒரு பகுதிக்குப் போகவே இல்லை. தப்பான டயரோட நின்னவங்க கேட்ட செய்திப்படி சரியாத்தான் நின்னாங்க. அந்த நாலு பேர் பேரை போர்டுல எழுதியிருந்தா ரேடியோ அப்படியே இருந்திருக்கும்.

அந்தப் பையனை உட்கார வெச்சு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 500 மில்லிக்கு டார்க் எவ்வளவுன்னு நீ எங்க பார்த்தே? பதிலுக்கு அவனை மடக்காதீங்க. அவன் காட்டற இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்க, தனியா, ஹெட் இல்லாம.

போர்டுல பேரை அழிக்க உங்களால முடியாதுன்னா, பக்கத்துல உங்க பேரையும் எழுதுங்க. ஷிஃப்ட் உங்களுது.

ஷிஃப்ட்_பி:

எழுதிட்டேன் அண்ணே. ஹெட் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை.

இன்னொரு சந்தேகம். டிராலி ரெடி, ஆனா 500 மில்லி கேப்பிங் ஹெட் ஒரே ஒரு செட்தான், அதை ஏ லைனும் நாங்களும் மாத்தி மாத்தி எடுக்கறோம். ரெண்டு லைனும் ஒரே நாள்ல மாறினா யாராவது காத்துக்கிட்டுத்தான் இருக்கணும். இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

கணக்கன்:

இருக்கிறது. இரண்டு வாரம் காத்திருந்த நிமிடங்களை எழுதுங்கள், ஒரு செட் விலையைப் பக்கத்தில் போடுங்கள், பிளான்ட் ஹெட்டிடம் கொடுங்கள். இன்னொரு செட் வாங்கிக் கொடுப்பது உங்கள் ஒன்பது பேரின் வேலை இல்லை, அவர் வேலை.

டயர்க்காரன்:

கணக்கன் சார் சொல்றதுதான் சரி. அதுவரைக்கும் ஏ லைன் சூப்பர்வைசரோட ஷிஃப்ட் ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் பேசுங்க, இன்னிக்கு யாருக்கு முதல்ல வேணும்னு.