சின்னத்தை நம்புவதா, எஞ்சினை நம்புவதா?

வாங்கப்போகிறவன்:
பத்து வயதுக்குள் ஒரு பழைய கார் தேடுகிறேன். ஆளுக்கொரு கம்பெனியைச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய எஞ்சின் யாருடையது?

முதல்கியர்:
டொயோட்டா. மற்றவர்கள் ஆண்டுதோறும் புதிதாக எதையாவது புகுத்திக்கொண்டிருக்க, அவர்கள் ஓடித் தேறிய எஞ்சினையே மெல்லத் திருத்தி ஓட்டுவார்கள். அந்த நிதானத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

செயின்சத்தம்:
கண்ணை மூடுவதில்தான் சிக்கலே. 2007 முதல் 2009 வரை டொயோட்டா கேம்ரியில் வந்த 2.4 லிட்டர் 2ஏஇசட் எஞ்சின் ஆயில் குடித்த கதை நினைவிருக்கிறதா? கீழே ஒரு சொட்டு ஒழுகாது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டும் அளவு இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் பிஸ்டனையும் ரிங்கையும் கம்பெனியே மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. பழங்கதை என்பீர்கள். 2024இல் டொயோட்டா டண்ட்ரா, அவர்களுடைய சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்எக்ஸ் என ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்களே! கடைசல் வேலையில் விழுந்த துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே தங்கி எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கைத் தின்றுவிடலாம் என்பதுதான் காரணம். 2015இல் ஹூண்டாய் தன் சொனாட்டாக்களைத் திரும்ப அழைத்ததும் இதே போன்ற உலோகத் துகளால்தான். அங்கே அடிபட்டது பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அன்று கொரியாக்காரர்களைக் கேலி செய்தவர்களை இன்று காணவில்லை.

முதல்கியர்:
டொயோட்டாவில் தவறு நடந்தால் செய்தி. சிலரிடம் நடக்காவிட்டால்தான் செய்தி. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலைப் பாருங்கள். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினைக் கொண்டுபோய் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்தார்கள். தேயும் பொருளைக் கை எட்டாத இடத்தில் வைப்பது என்ன பொறியியல்?

செயின்சத்தம்:
என்47 வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் 2019இல் வந்த உங்கள் டொயோட்டா சுப்ராவின் பானெட்டுக்கு அடியில் இருப்பது எது? பிஎம்டபிள்யூவின் பி58. அதிலும் செயின் பின்பக்கம்தான்! என்47க்குக் கிடைத்த கெட்ட பெயர் அதற்குக் கிடைக்கவில்லையே. அது யார் எஞ்சின் என்று எழுதிக்கொள்வோம்? ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட் டீசல் சுசூகி, டாட்டா, ஓப்பல் என்று எத்தனை சின்னங்களுக்கு அடியில் ஓடியது! ஃபியட் என்றாலே முகம் சுளித்தவர்கள் ஸ்விஃப்டில் அதையே மெச்சினார்கள்.

பழையடீசல்:
சண்டை போடும் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். மெர்சிடீஸ் 240டி. கிரேக்க நாட்டில் டாக்சியாக 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்று மெர்சிடீஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அன்று 2.4 லிட்டரில் 65 குதிரைத்திறன்தான் எடுத்தார்கள். இன்று ஒரே லிட்டரில் 125ஐப் பிழிகிறார்கள். பிறகு உடைகிறது என்று அழுகிறார்கள்.

செயின்சத்தம்:
ஐயா, அந்த டாக்சியில் எஞ்சின்களைப் பலமுறை மாற்றிப் பொருத்தினார்கள். 46 லட்சம் ஓடியது வண்டி, ஒரே எஞ்சின் அல்ல. அந்தக் காலத்தில் செத்த எஞ்சின்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பிழைத்தவை மட்டும் வந்து சாட்சி சொல்கின்றன.

பழையடீசல்:
மாற்றிப் பொருத்தியது தெரியும். மாற்றிப் பொருத்திவிட்டு ஓட்ட முடிந்ததல்லவா, அதுவே பெரிதுதான்.

அளவுகோல்:
பிழிவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த எஞ்சின் விருதைத் தட்டிச் சென்றது. அதில் செயினுக்குப் பதிலாக வந்த டைமிங் பெல்ட் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு ஓடும். பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக்கிலும் அதே ஏற்பாடு. ரப்பர் உதிர ஆரம்பித்தால் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் சல்லடை அடைபடும், ஆயில் அழுத்தம் விழும். விருது கொடுத்தவர்கள் பார்த்தது புது எஞ்சினை.

கிரீஸ்கை:
பட்டறைக்காரன் பேச்சையும் கேளுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின். இரண்டு வண்டிகள் ஒரே வாரத்தில் வந்தன. முதல் வண்டியில் பழைய ஆயிலை இறக்க டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன், ஆயில் கம்பியாக இறங்கியது. இரண்டாவதில் போல்ட் கையோடு வந்துவிட்டது, ஆயில் வரவில்லை. விரலை விட்டு நோண்டிய பிறகுதான், ஆயில் மாற்றாமலே ஓட்டியதில் தார் போல இறுகிய ஒரு கட்டி விழுந்தது. உரிமையாளர் கேட்டார்: "இந்தக் கம்பெனி எஞ்சினே இப்படித்தானா?"

முதல்கியர்:
அப்படியானால் குற்றம் எப்போதும் ஓட்டுகிறவர் மீதா? மனிதர்கள் மறப்பார்கள். அந்த மறதியைப் பொறுத்துக்கொள்வதுதானே நல்ல எஞ்சின்!

கிரீஸ்கை:
அது நியாயமான பேச்சு. சில எஞ்சின்கள் பொறுக்கும், சில பொறுக்காது. ஆயிலில் ஊறும் பெல்ட்டுக்குத் தவறான ஆயிலை ஊற்றினாலே ஆயுள் குறையும். ஆயில் கெட்டால் டர்போவும் தாங்காது. ஆனால் எது எவ்வளவு பொறுக்கும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அதைக் கம்பெனிச் சின்னத்தில் எழுதி வைப்பதில்லை.

கேள்வி கேட்டவர் எங்கே? கார் பார்க்கப் போகும்போது முதல்நாள் இரவே சொல்லுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் கரகரக்கும். அதன் பிறகு ஆயில் ஏறிச் சத்தத்தை அமுக்கிவிடும்.

வாங்கப்போகிறவன்:
இன்று காலை அப்படியே சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆயில் மாற்றிய ரசீது ஒன்றுகூட இல்லை. "இப்போதுதான் மாற்றினோம்" என்றார். பானெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

முதல்கியர்:
எந்தக் கம்பெனி வண்டி?

வாங்கப்போகிறவன்:
சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவீர்கள்.