கழிமுகத்தின் குறுக்கே பாலம்: கட்டலாமா, கூடாதா?

கரையோரன்: கூடாது. தூண் நிற்கிற இடம் மட்டும்தானே போகிறது என்று சொல்லியே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். உண்மையான சேதம் பாலத்தின் இரு முனையிலும் மண் கொட்டி உயர்த்தும் அணுகுசாலையில் இருக்கிறது. பரந்து ஓடிக்கொண்டிருந்த வெள்ளம் தூண்களுக்கு நடுவே உள்ள நாலு கண் வழியாக நெருக்கியடித்துப் போகும், வேகம் கூடித் தூணடி மண்ணை அரிக்கும், மேற்புறம் வண்டல் தேங்கும், ஓதநீர் ஏறி இறங்கின சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காயும்.

தூண்மணி: அது செலவுக்குப் பயந்து கட்டுகிற பாலம். மண்மேடே இல்லாமல் சதுப்பு முடிகிற வரைக்கும் தூண்மேலேயே சாலையைக் கொண்டுபோகலாமே? டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைத்து 2000இல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தில், பால்டிக் கடலுக்குள் போகும் நீரோட்டம் குறையவே கூடாது என்பது நிபந்தனை. தூண்களும் செயற்கைத் தீவும் எவ்வளவு மறிக்குமோ, அதற்கு ஈடாகக் கடலடியைத் தோண்டிவிட்டார்கள்.

கரையோரன்: அந்தக் கண்டிப்பு எத்தனை இடத்தில் இருக்கும்? ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றின் குறுக்கே நாலுவழிப் பாலம் கட்டியே தீருவோம் என்றார்கள், 2009இல் அங்குள்ள எல்பே பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

தூண்மணி: சரி, ஆனால் அந்தச் சண்டை பள்ளத்தாக்கின் அழகு கெடுவதைப் பற்றியது. அந்த ஊர் மக்களே 2005 வாக்கெடுப்பில் பாலம் வேண்டும் என்றார்கள். உயிரினப் பிரச்சினை என்றால் வௌவால்கள்தான், 2007இல் அதற்காக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது, அப்புறம் வேகக் கட்டுப்பாடு போன்ற நிபந்தனைகளோடு விட்டது. நிபந்தனை வைத்தால் கட்டலாம், அவ்வளவுதான் நான் சொல்வது.

மழைக்குருவி: இருவருமே மழைத்தண்ணீரை மறந்துவிட்டீர்கள். முதல் மழையில் ஏதாவது பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பாருங்கள். தளத்து ஓட்டையிலிருந்து நீட்டியிருக்கும் குழாய் வழியே, எண்ணெயும் டயர்த் தூளும் கலந்த கருப்புத் தண்ணீர் நேராக ஆற்றில் கொட்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே செத்ததற்கு, டயரில் சேர்க்கும் ரசாயனம் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகிற 6பிபிடி-குயினோன்தான் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள்.

தூண்மணி: இதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டைகளை அடைத்து, தண்ணீரைக் குழாயில் கரைக்குக் கொண்டுவந்து, வடிகட்டிய பிறகே விட வேண்டும்.

கரையோரன்: அந்த வடிகட்டியில் படியும் சேற்றைப் பத்து வருஷம் கழித்து யார் அள்ளுவது? அதற்கான பணத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.