ஃப்ரீபிஎஸ்டியில் நானோ குளோனுக்கு நிரல் ஏறவில்லை: "நாட் இன் சிங்க்"

வளைகம்பி:
தரையிலுள்ள கோட்டைப் பிடித்து ஓடும் சின்ன ரோபோ. சிஎச்340 சிப் (யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றுவது) வைத்த ஆர்டுயினோ நானோ குளோன் (ஏடிமெகா328பி), எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் டிடி மோட்டார் இரண்டு, தொடரில் 18650 செல் இரண்டு, டி0, டி1 சீரியல் பின்களில் எச்சி-05 புளூடூத் மாட்யூல். கணினியில் ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளம் மட்டும்தான். ஏவிஆர்-ஜிசிசி (கம்பைலர்), ஏவிஆர்-லிப்சி (லைப்ரரி), ஏவிஆர்டியூட் (நிரலைச் சிப்பில் ஏற்றும் கருவி) எல்லாம் பேக்கேஜிலிருந்து போட்டாயிற்று. லினக்ஸுக்கு எழுதிய மேக்ஃபைல் அப்படியே ஓட மறுக்கிறது. கையால் கம்பைல் செய்தால் ஹெக்ஸ் வருகிறது. ஏவிஆர்டியூட் சாதாரணப் பயனராக ஓடினால் அனுமதி இல்லை என்கிறது, ரூட்டாக ஓடினால் "நாட் இன் சிங்க்" (போர்டோடு ஒத்திசையவில்லை) என்கிறது. சீரியல் போர்ட்டான டிடிஒய்யு0-வை கேட் கட்டளையால் படித்தால் தொங்கி நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

சால்டர்புகை:
மேக்ஃபைல் விஷயம் சுலபம். இங்கே 'மேக்' என்றால் பிஎஸ்டி மேக். ஜிஎன்யூ பாணி 'இஃப்ஈக்யூ', 'வைல்டுகார்டு' எல்லாம் அதற்குப் புரியாது. ஜிமேக் பேக்கேஜைப் போட்டு அதால் ஓட்டுங்க.

போர்ட் பெயரைக் கவனிங்க. ஒரே யுஎஸ்பி சீரியலுக்கு இரண்டு முகம் உண்டு: டிடிஒய்யு0, சியுஏயு0. முதலாவது வெளியிலிருந்து அழைப்பு வருவதற்கானது. மோடம் காலத்து வழக்கப்படி கேரியர் சிக்னல் வரும்வரை திறக்காமல் காத்திருக்கும். நானோ அந்த சிக்னலைத் தரப்போவதே இல்லை, அதனால்தான் கேட் தொங்குகிறது. நாம் பேசத் தொடங்குவதற்கு எப்போதும் சியுஏயு0.

அனுமதிக்கு ரூட் வேண்டாம். உங்கள் பயனரை 'டயலர்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாங்க. சீரியல் பார்க்க 'சியு' கட்டளை போதும், ஆனால் அதை மூடிவிட்டு நிரல் ஏற்றுங்க. ஒரே போர்ட்டை இரண்டு பேர் பிடித்திருக்க முடியாது.

"நாட் இன் சிங்க்"குக்கு முதல் சந்தேகம் அந்த எச்சி-05 மேல். டி0-வில் சிஎச்340 1 கிலோ ஓம் மின்தடை வழியாகப் பேசுகிறது, புளூடூத் மாட்யூல் நேராகப் பேசுகிறது. சண்டையில் ஜெயிப்பது மாட்யூல். ஏற்றும்போது அதைக் கழற்றுங்க. அப்புறமும் வந்தால் சீரியல் வேகம்: பழைய பூட்லோடர் (யுஎஸ்பி வழி வரும் நிரலை வாங்கிச் சிப்பில் எழுதும் சின்ன நிரல்) 57600, ஆப்டிபூட் என்ற பூட்லோடர் போட்டது 115200. குளோனில் எது இருக்கும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டையும் போட்டுப் பாருங்க.

முறுக்குவிசை:
மேலே சொன்னது சரி. இன்னொன்று: சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) பொருந்தவில்லை என்று ஏவிஆர்டியூட் சொன்னால், கட்டாயப்படுத்தும் 'எஃப்' விருப்பத்தைப் போடாதீர்கள். வந்த எண்ணைப் படியுங்கள். 1இ 95 0எஃப் என்றால் 328பி, 1இ 95 16 என்றால் 328பிபி. பிந்தையது வந்தால் சிப் பெயரை 'எம்328பிபி' என்று மாற்றினால் போதும்.

பூட்லோடரே வேண்டாம் என்றால் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரை சிப்பில் நேராக எழுத உதவும் 6 பின் ஐசிஎஸ்பி இணைப்பில் செருகலாம். ஆனால் அது சீரியல் போர்ட்டாக வராது, டயலர் குழு உதவாது. சாதனங்களின் அனுமதியைச் சொல்லும் டெவ்எஃப்எஸ் விதிக்கோப்பில் 'யுஎஸ்பி' அடைவின் கீழுள்ளவற்றுக்கு அனுமதி 0660, குழு 'ஆபரேட்டர்' என்று எழுதி, அந்த விதித்தொகுப்பை ஆர்சி.கான்ஃபில் குறிப்பிட்டு, டெவ்எஃப்எஸ் சேவையை மீண்டும் தொடங்குங்கள். உங்கள் பயனரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். இந்த வழியில் ஏற்றினால் பூட்லோடர் அழிந்துவிடும், பிறகு யுஎஸ்பி கேபிளால் ஏற்ற முடியாது.

வளைகம்பி:
எச்சி-05-ஐக் கழற்றி, சியுஏயு0, 57600 கொடுத்ததும் ஏறிவிட்டது. இப்போது பேட்டரியில் ஓடவிட்டால், மோட்டார் கிளம்பும் நொடியில் நானோ ரீசெட் ஆகிறது. நானோவின் 5 வோல்ட் எல்298என் போர்டிலிருந்தே வருகிறது.

முறுக்குவிசை:
அங்கேதான் கோளாறு. அந்தப் போர்டிலுள்ள 78எம்05 ரெகுலேட்டர் 5 வோல்ட் தர, உள்ளே 7 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லும் சேர்ந்து 7.4. இரண்டு மோட்டாரும் ஒன்றாக இழுத்தால் 7-க்குக் கீழே போய்விடும். தற்காலிகத்துக்கு மோட்டார் சப்ளையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கு இடையே 100 நானோஃபாரட் செராமிக். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் அளவைச் சட்டென்று உச்சத்துக்குக் கொண்டுபோகாமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

எல்298என்னே 2 வோல்ட் அளவுக்கு விழுங்குகிறது, எனக்குப் பிடிக்காது. டிபி6612எஃப்என்ஜி டிரைவர் சேனலுக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர் தாங்கும், விழுங்குவதும் குறைவு. ஆனால் முழு சார்ஜில் 8.4 வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே மோட்டாருக்குப் போகும். டிடி மோட்டார் 6 வோல்ட் சரக்கு, ஆகவே பிடபிள்யூஎம் அளவை உச்சமான 255-இல் 180-ஐத் தாண்டவிடாதீர்கள்.

சால்டர்புகை:
டிரைவரை மாற்றினால் அந்த 5 வோல்ட்டும் போய்விடும். நானோவுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் பக்-பூஸ்ட் மாட்யூல் வாங்கி வைங்க, தரைக்கம்பியை இரண்டுக்கும் பொதுவாக இணைங்க.